பழைய காரும் பழுதற்ற சொல்லும்



"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். பழைய கார் வாங்கும் ஆசை கொண்டவர்களை நினைத்தே இப்பழமொழி பிறந்ததோ என்று நமக்குச் சில வேளைகளில் தோன்றுவதுண்டு. சென்ற மாதம் நம்மைச் சந்தித்த இளைஞர் ஒருவர், "ஐயா, குறைந்த விலைக்குப் பழைய கார் ஒன்று வருகிறது. வாங்கிச் சீர்செய்து ஓட்டலாமென்று பார்க்கிறேன். இது நல்ல பொழுதுபோக்கா, வீண் செலவா?" என்று கேட்டார். ஒரே சொல்லில் விடை கூற நம்மால் இயலவில்லை. ஏனெனில், அந்த ஆசைக்கு ஆட்பட்டு ஆறு ஆண்டுகள் கழித்தவர்கள் நாமும். ஆகவே, நமது அனுபவத்தையே இம்மாதம் வாசகர் முன் வைக்கிறோம்.

நம் நாட்டில் கார் என்றால் மூன்றே பெயர்கள் வழங்கிய காலம் ஒன்று இருந்தது. வங்காளத்தின் உத்தர்பாராவிலிருந்து அம்பாசிடர் வந்தது; பம்பாயிலிருந்து பியட் வந்தது; நமது சென்னையிலிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்தது. பணத்தைக் கட்டிப் பதிவு செய்துவிட்டு, வண்டிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் உண்டு. 1964 முதல் இங்கே பியட் 1100 டி என்று அறியப்பட்ட வண்டியே 1974 முதல் பிரீமியர் பத்மினி என்னும் பெயரைத் தாங்கியது. 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தது முதல் அந்தப் பழைய மூவரின் காலம் மெல்ல மங்கத் தொடங்கிற்று. 2014 மே மாதத்தில் அம்பாசிடர் உற்பத்தி நின்றது. 2023 அக்டோபர் இறுதியில் மும்பையின் கடைசி பத்மினி வாடகைக் காரும் ஓய்வு பெற்றது. ஆயினும், சிற்றூர்களின் கொட்டகைகளிலும் வேப்பமரத்து நிழல்களிலும் அவற்றுள் சில இன்னமும் உயிரோடு இருக்கின்றன. அவற்றைக் கண்டால் காலடி நின்றுவிடும் மனிதர்களும் இருக்கிறார்கள்.

2013ஆம் ஆண்டில் நமது காலடியும் அவ்வாறுதான் நின்றது. 1984ஆம் ஆண்டின் பத்மினி ஒன்று, திருச்சிராப்பள்ளியில் நமக்கு அறிமுகமானவர் ஒருவரின் வீட்டில் நின்றிருந்தது. விலை 38,000 ரூபாய். "ஓர் ஆணிகூட முடுக்க வேண்டாம், ஐயா. சாவியைப் போட்டு ஓட்டிக்கொண்டு போகலாம்" என்றார் விற்றவர். இருக்கைகளுக்குப் புது உறை. தரையில் புது விரிப்பு. வண்டியைச் சுற்றி வந்தோம். கதவைத் திறந்து மூடினோம். ஹாரனை அடித்துப் பார்த்தோம். அத்துடன் நமது பரிசோதனை முடிந்தது.

இரண்டு வாரம் கழித்து மழை பெய்தபோது, ஓட்டுநர் காலடியில் தண்ணீர் நின்றது. விரிப்பைத் தூக்கினோம். அடியில் தாரும், அதன்கீழ் வண்ணம் பூசிய செய்தித்தாளும் இருந்தன. செய்தித்தாளைக் கிழித்தபோது சாலை தெரிந்தது! துரு தின்ற தரையைக் காகிதத்தால் மூடி நம்மிடம் தந்திருக்கிறார். அந்த மனிதரை அன்று நாம் எவ்வளவு கடுமையாக ஏசினோம் என்பதை இங்கே எழுத இயலாது. அருகில் நின்ற பத்து வயது மகன் அவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தான் என்பதை மட்டும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

நமக்கு வாய்த்த மெக்கானிக் அறுபதைக் கடந்தவர். எல்லாரும் "பாய்" என்றே அழைப்பர். வண்டியை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கியவர், "சார், எஞ்சின் கெட்டால் வண்டி ஓடாது, அது வீட்டில் கிடக்கும். பிரேக் கெட்டால் வண்டி நிற்காது. நாம் ஆஸ்பத்திரியில் கிடப்போம். முதல் பணத்தை பிரேக்குக்குப் போடுங்கள்" என்றார். நாமோ முதல் பணத்தைத் தரையை ஒட்டவைக்கவும் வண்ணம் பூசவும் செலவிட்டோம். ஊரார் கண்ணுக்கு வண்டி அழகாகத் தெரிய வேண்டும் அல்லவா!

மூன்றாம் மாதம், மேம்பாலம் ஒன்றின் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தோம். துணைவியாரும் இரு பிள்ளைகளும் உடன் இருந்தனர். முன்னால் சென்ற பேருந்து நின்றது. பிரேக்கை மிதித்தோம், மிதிகட்டை தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை முழு பலத்தோடு இழுத்து, பேருந்தின் பின்புறத்திற்கு ஒரு கை நீளத்தில் வண்டியை நிறுத்தினோம். யாரும் ஒன்றும் பேசவில்லை. சிறு மகள் மட்டும், "அப்பா, ஏன் இப்படி நிறுத்தினீங்க?" என்று கேட்டாள்.

அதன் காரணத்தைப் பாய் பின்னர் விளக்கினார். அக்காலத்து வண்டிகள் பலவற்றில் நான்கு சக்கரங்களின் பிரேக்குக்கும் எண்ணெய் செல்லும் வழி ஒன்றே. எங்கேனும் ஓரிடத்தில் ரப்பர்க் குழாய் வெடித்தால் நான்கும் ஒருசேரப் போய்விடும். மேலும், பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. ஆண்டுக்கணக்கில் மாற்றாது விட்டால், அந்த ஈரமே சிலிண்டரின் உட்புறத்தைத் துருப்பிடிக்கச் செய்யும். சூடேறும்போது ஆவியாகி மிதிகட்டையை வலுவிழக்கவும் செய்யும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை எண்ணெயையும், வெடிப்பு கண்டவுடன் குழாய்களையும் மாற்றிவிட வேண்டும். இதற்கு ஆகும் செலவு, நாம் வண்ணம் பூசக் கொடுத்த தொகையில் பாதிகூட இல்லை.

அன்றிரவு நமது இல்லத்தரசி மூன்று நிபந்தனைகள் விதித்தார். பிள்ளைகளின் படிப்புப் பணத்தில் ஒரு காசும் காருக்குப் போகக்கூடாது. காருக்கென்று தனி உண்டியல், தனிக் கணக்கு நோட்டு. பிரேக், டயர், ஸ்டியரிங் ஆகிய மூன்றும் சரி என்று பாய் சொல்லும்வரை குடும்பம் அதில் ஏறாது. ஞாயிறு காலையில் கோவிலுக்குப் புறப்படும்போது சட்டையில் கிரீஸ் இருக்கக்கூடாது. மூன்றையும் ஏற்றுக்கொண்டோம். பழைய வண்டியால் குடும்பத்தில் சண்டை வராதிருக்க இதைவிட நல்ல ஏற்பாட்டை நாம் இன்றுவரை கண்டதில்லை.

அதன்பின் வந்த ஆண்டுகளை எண்ணினால் இன்றும் நெஞ்சம் இனிக்கிறது. சனிக்கிழமை மாலைகளில் மகனும் நாமும் வண்டியின் முன்பக்க மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்போம். நான்கு சிலிண்டர், 1089 சி.சி. கொண்ட அந்த எஞ்சினில் மறைபொருள் ஏதுமில்லை. பெட்ரோல் வருகிறதா, தீப்பொறி விழுகிறதா என்ற இரு கேள்விகளுக்கு விடை கண்டால் பெரும்பாலான நோய்கள் பிடிபட்டுவிடும். பிளக்கின் நுனி வெளிர் பழுப்பாயிருந்தால் எஞ்சின் நலமாயுள்ளது. கரிபடிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப் பசை இருந்தால் உள்ளே தேய்மானம் என்று பாய் கற்பித்தார். கழற்றிய திருகுகளை முட்டைத் தட்டில் வரிசைப்படி அடுக்கி வைக்கவும், மாட்டும்போது அதே வரிசையில் பின்னோக்கி வரவும் மகன் பழகினான். பள்ளிக்கூடத்தில் பொறுமையில்லாதவன் என்று பெயரெடுத்த பிள்ளை, கார்புரேட்டரின் ஊசித் துளையை ஊதிச் சுத்தம் செய்ய ஒரு மணி நேரம் அசையாது அமர்ந்திருந்ததை நாம் கண்டோம். வாட்டர் பம்பு ஒன்றைத் தேடிச் சென்னைப் புதுப்பேட்டைக்கு இருவரும் சென்று, பழைய இரும்புக் குவியல்களுக்கிடையே நாள் முழுதும் அலைந்து, மாலையில் அதைக் கண்டெடுத்தபோது ஏதோ புதையல் கிடைத்தாற்போல் மகிழ்ந்தோம்.

வாங்க விரும்புவோருக்கு, நாம் பட்டுத் தெரிந்துகொண்டவற்றை இங்கே சொல்லிவிடுகிறோம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே சென்று பாருங்கள். முன்னரே ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால் சந்தேகம் கொள்ளுங்கள். நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். கரும்புகை பெட்ரோல் மிகுதியைக் காட்டும். சூடேறிய பின்னும் நிற்காத வெண்புகை, எஞ்சினுக்குள் தண்ணீர் புகுவதைக் காட்டும். சிறு காந்தம் ஒன்றைக் கொண்டு செல்லுங்கள். அது ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, வெறும் பட்டியே உள்ளது. விரிப்பைத் தூக்காமல் விலை பேசாதீர்கள். எஞ்சினைக் கழற்றிச் செப்பனிடலாம். உடலே சட்டமாய் அமைந்த வண்டியில் துரு ஆழமாய் ஏறிவிட்டால் அதைச் செப்பனிடும் செலவு வண்டியின் விலையை விழுங்கிவிடும்.

தாள்களையும் அதே கண்ணோடு பாருங்கள். ஆர்.சி. புத்தகத்திலுள்ள சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறித்திருப்பவற்றோடு ஒத்திருக்க வேண்டும். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் வண்டியைக் காட்டித் தகுதி பெற்று 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 29, 30ஆம் எண் படிவங்களைக் கொடுத்துப் பெயர் மாற்றம் செய்யாமல் விட்டால், பின்னர் நேரும் விபத்துக்கு விற்றவரே பதில் சொல்லும் நிலை வரலாம். இன்னொன்று: 2000ஆம் ஆண்டு முதல் நம் நாட்டுப் பெட்ரோலில் ஈயம் கலப்பதில்லை. 2025இல் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது. ஈயத்தை நம்பி அமைந்த பழைய எஞ்சின்களுக்கு வால்வு இருக்கைகளையும், எத்தனாலால் கெடக்கூடிய பழைய ரப்பர்க் குழாய்களையும் காலத்தில் மாற்றுவது நலம். கசியும் பெட்ரோல் தீயை அழைக்கும்.

இனி, நாம் சொல்லத் தயங்கிய பகுதிக்கு வருகிறோம்.

2019இல் மகளின் கல்லூரிச் செலவு நெருங்கியது. அதே ஆண்டில் வண்டியின் பதிவையும் மீண்டும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. விற்றுவிடத் தீர்மானித்தோம். "பண்ணையாரும் பத்மினியும்" திரைப்படம் 2014இல் வந்த பிறகு, தெருவில் செல்லும் பிள்ளைகளும் நம் வண்டியைப் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்கியிருந்தனர். புதிதாய் மணமான இளைஞர் ஒருவர் வந்தார். பளபளப்பைக் கண்டதுமே, "85,000 தருகிறேன், ஐயா. நாளை வந்து எடுத்துக்கொள்கிறேன்" என்றார். அவரும் வண்டியைச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து மூடினார். ஹாரனை அடித்துப் பார்த்தார்.

ஓட்டுநர் பக்கத்துத் தரையில் நாம் பற்றவைத்த தகட்டின் ஓரம் மீண்டும் துருவேறத் தொடங்கியிருந்தது. இரண்டாம் கியர் சில வேளைகளில் தானே கழன்றுவிடும். இவற்றை அவர் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. கேளாததற்கு விடை சொல்வானேன் என்று மனம் வாதாடிற்று. அன்று மாலை புது விரிப்பு ஒன்றை வாங்கி வந்து, மகனை விரிக்கச் சொன்னோம். பதினாறு வயதாகிவிட்ட அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றான். பிறகு மெல்ல, "அப்பா, அந்த மனுஷனும் இப்படித்தானே விரிச்சிருப்பார்?" என்றான்.

நமக்கு விடை தெரியவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் நாம் ஏசிய ஏச்செல்லாம் ஒன்றுவிடாமல் நம் மேலேயே வந்து விழுந்தது.

மறுநாள் அந்த இளைஞர் மனைவியோடு வந்தார். விரிப்பைச் சுருட்டி ஓரமாய் வைத்திருந்தோம். துருவைத் தொட்டுக் காட்டினோம்; கியரைப் பற்றிச் சொன்னோம்; பதிவு புதுப்பிக்க வேண்டியதையும் கூறினோம். நன்றி சொல்லிவிட்டுப் போனார், திரும்பி வரவில்லை. அவர் தயங்கியதில் தவறில்லை. ஒரு மாதம் வண்டி அப்படியே நின்றது. துணைவியார் ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. இறுதியில் வாகனப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், எல்லாவற்றையும் அறிந்தே, 52,000 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டார். சாவியோடு நமது கணக்கு நோட்டையும் அவரிடம் கொடுத்தோம். எந்த நாளில் எது மாற்றப்பட்டது, எது இன்னும் மாற்றப்படவில்லை என்பதெல்லாம் அதில் இருந்தது.

நோட்டைக் கொடுக்குமுன் துணைவியார் கூட்டிப் பார்த்தார். வாங்கிய விலை 38,000; ஆறு ஆண்டுச் செலவு பெட்ரோல் நீங்கலாக 71,500; விற்றது 52,000. நட்டம் 57,500. அதை எழுபத்திரண்டு மாதங்களால் வகுத்து, "மாதம் 800 ரூபாய் ஆகியிருக்கிறது" என்றார். பிறகு மகனை ஒருமுறை பார்த்துவிட்டு, "அதிகமில்லை" என்று நோட்டை மூடினார்.

ஆகவே, நம்மைக் கேட்ட இளைஞருக்கு நமது விடை இதுவே: தனி உண்டியலில் பணமும், சனிக்கிழமை மாலையில் ஓய்வும், உடன் நிற்க ஒரு பிள்ளையும், உண்மை பேசும் மெக்கானிக் ஒருவரும் இருந்தால் வாங்குங்கள், தம்பி. முதல் பணத்தை பிரேக்குக்குப் போடுங்கள். வாங்கும் நாளில் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். விற்கும் நாளிலும் நீங்களே தூக்கிக் காட்டுங்கள்.