மௌனமும் பொய்ச்சாட்சிதான்

அண்மையில் அம்மாவைப் பார்க்க பாடாங் செராய்க்குப் போயிருந்தேன். ஞாயிறு திருப்பலி முடிந்து, பழகிய கடையில் ரொட்டி சானாய்க்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். மேசை துடைக்க வந்த வங்காளதேசத்துத் தம்பியிடம் சும்மா நலம் விசாரித்தேன். அரைகுறை மலாயில் சொன்னான்: "மூன்று மாதமாகச் சம்பளம் இல்லை அக்கா. பாஸ்போர்ட்டும் முதலாளியிடம்தான் இருக்கிறது."

முதலாளி எனக்குத் தெரிந்தவர். சற்று முன்புதான் கோயிலில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் முழங்காலில் இருந்தார். நான் காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். வானொலியில் மூச்சுவிடாமல் பேசுகிறவளுக்கு அங்கே ஒரு வார்த்தை வரவில்லை.

வழியில் சுங்கைப்பட்டாணி பெயர்ப்பலகையைப் பார்த்ததும் ஐரின் பெர்னாண்டஸ் நினைவுக்கு வந்தார். 1946இல் அந்த ஊரில் பிறந்து, ரப்பர் தோட்டச் சூழலில் வளர்ந்தவர். ஆசிரியை வேலையை 23 வயதில் விட்டுவிட்டு, இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தில் முழுநேர ஊழியரானார். 1991இல் 'தெனாகனிதா' அமைப்பைத் தொடங்கினார்.

1995இல், 300க்கும் மேற்பட்ட அந்நியத் தொழிலாளர்களிடம் பேசி, தடுப்பு முகாம்களில் அவர்கள் பட்ட கொடுமைகளை ஓர் அறிக்கையாக வெளியிட்டார். மறு ஆண்டே அவர் கைது செய்யப்பட்டார். பொய்ச் செய்தி வெளியிட்டார் என்று குற்றச்சாட்டு. வழக்கு ஏழு ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. 2003இல் 12 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் 2008 நவம்பரில்தான் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. அறிக்கை வெளியாகி 13 ஆண்டுகள்! இடையில், 2005இல், உலகம் அவருக்கு 'ரைட் லைவ்லிஹூட்' விருது கொடுத்தது. 2014இல் மறையும்வரை அவர் வாயை மூடவில்லை.

பொய்ச்சாட்சி கூடாது என்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று. நான் பொய் சொல்வதில்லை, அதனால் தப்பித்தேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். கண்ணால் கண்டதைச் சொல்லாமல் எழுந்து போவது எந்தக் கணக்கில் சேரும்?

"அவங்க வந்துதான் நம்ம பிள்ளைகளுக்கு வேலை இல்லை" என்று நம்மவர்கள் சொல்வது எனக்கும் தெரியும். ஆனால் நம் பாட்டனும் கப்பலேறி வந்த கூலிதான். கங்காணியின் கணக்குப் புத்தகத்தில் சிக்கித் தவித்தவர்தான். குறைந்த கூலிக்கு ஆளை அடக்கி வைக்க முடிகிறவரை, நம் பிள்ளைகளுக்கும் நல்ல சம்பளம் கிடைக்காது.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. அடுத்தவரின் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது 1966ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் கொடுக்க வேண்டும் என்கிறது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். எந்த நாட்டுத் தொழிலாளி என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை.

அடுத்த ஞாயிறு மறுபடியும் போனேன். முதலாளியைத் தனியாக அழைத்து, "அண்ணே, ஒரு விஷயம் பேசணும்" என்றேன். குரல் நடுங்கியது. அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் அன்றே பாஸ்போர்ட் அந்தத் தம்பியின் கைக்கு வந்தது. சம்பளத்தில் பாதிதான் வந்திருக்கிறது. மீதிக்குத் தொழிலாளர் இலாகாவுக்குப் போக அவனுக்குப் பயம். கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

முதலாளி இப்போது என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். வருத்தம்தான். ஐரின் கொடுத்த விலையோடு பார்த்தால், இது சில்லறைக் காசு.