கரிசலில் நீர்க்கட்டி: ஊசி குத்துமுன் ஒரு கேள்வி

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரத்தில் மனிதருக்கும் கால்நடைக்கும் வைத்தியம் பார்க்கிறவர்கள் சேர்ந்த சங்கம் எங்களுடையது. காரணம் தெரியாத நீர்க்கட்டி உடம்பில் எங்கே தென்பட்டாலும், அது ஹைடாடிட் கட்டியா என்று ஸ்கேனில் பார்க்காமல் ஊசி குத்தக்கூடாது என்பது எங்கள் நிலைப்பாடு.

வேம்பூர் ஆட்டின் சொந்த மண் இது. அறுப்பு முடிந்த காட்டில் கிடை போடுவதும், கிடைக்குக் காவலாக நாய் படுத்திருப்பதும் இங்கே வழக்கம். அந்த நாயின் குடலில் எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழு இருக்கலாம். அரை சென்டிமீட்டர் நீளந்தான். நாயின் மலத்தோடு வெளியேறும் முட்டை புல் வழியாக ஆட்டுக்குள் போய், ஈரலிலும் நுரையீரலிலும் ஹைடாடிட் கட்டியாகிறது. அறுத்து எறிந்த அந்த ஈரலை நாய் தின்றால் மறுபடியும் புழு. கழுவாத கையோடும் கீரையோடும் தண்ணீரோடும் முட்டையை விழுங்கி மனிதர் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். ஆட்டுக்கறி தின்று இந்நோய் வருவதில்லை. ஆடு வளர்க்கும் குடும்பங்கள்மேல் பழி விழக்கூடாது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

மனிதருக்கு வரும் கட்டிகளில் சுமார் 70 சதவீதம் ஈரலிலும் 20 சதவீதம் நுரையீரலிலும் இருக்கும். மிச்சந்தான் வைத்தியரை ஏமாற்றுகிறது. தொடைச் சதையில் வலியில்லாமல் உருண்டு நிற்பதைக் கொழுப்புக்கட்டி என்று விட்டுவிடுவோம். முதுகெலும்பில் வந்து கால் மரத்தால் எலும்புக் காசம் என்றே தோன்றும். நுரையீரல் கட்டி உடைந்தால் இருமலில் உப்புக்கரிக்கும் தண்ணீரும் திராட்சைத் தோல் போன்ற சவ்வும் வரும். “வாய் நிறையத் தண்ணி வந்துச்சு டாக்டர்” என்று ஒருவர் சொன்னால் அந்தச் சொல்லைத் தவறவிடாதீர்கள். ரத்தப் பரிசோதனையில் ‘இல்லை’ என்று வந்தாலும் நம்பிவிட முடியாது.

தெரியாமல் குத்தி நீர் கசிந்தால் ஒவ்வாமை அதிர்ச்சியில் உயிரே போகலாம். பிழைத்தாலும் சிந்திய இடத்தில் புதுக் கட்டிகள் முளைக்கலாம். அதனால்தான் அறுவையில் கட்டியைச் சுற்றி மருந்தில் நனைத்த துணி அடுக்குகிறார்கள், அல்பெண்டசோல் கொடுக்கிறார்கள். துளைவழி அறுவையில் நீர் சிந்தாமல் உறிஞ்ச ஒரு கருவியையே வடிவமைத்து, கோவையில் டாக்டர் சி. பழனிவேலு குழுவினர் 2006இல் அதை வெளியிட்டார்கள். ஈரலில் வரும் சில வகைக் கட்டிகளுக்கு, ஸ்கேன் பார்த்தபடி ஊசியால் நீரை எடுத்து மருந்து செலுத்தும் முறையும் உண்டு. முன்னேற்பாட்டோடு செய்யும் அதை நாங்கள் எதிர்க்கவில்லை. நுரையீரல் கட்டிக்கு மட்டும் அது ஆகாது. சுண்ணாம்பு படிந்து செயலற்றுப்போன கட்டி தொந்தரவு தராவிட்டால் கத்தியே வேண்டாம், கண்காணித்தால் போதும்.

ஆனால் ஆஸ்பத்திரிக்குள் மட்டும் இது தீராது. கோயில் கொடையிலும் கறிக்கடையிலும் கட்டியுள்ள உறுப்பை நாய் தோண்டாத ஆழத்தில் புதைக்கவேண்டும். நாய்களுக்குப் பிராசிகுவான்டல் மாத்திரை ஆண்டுக்கு நான்கு தடவையாவது இலவசமாகக் கிடைக்கவேண்டும். மாத்திரைக்காகக் கிடையை விட்டுவிட்டு, ஆடு மேய்க்கும் கீதாரி நாயோடு டவுனுக்கு வரமாட்டார். எட்டயபுரம் ஆட்டுச்சந்தைக்கு எப்படியும் வருவார். மாத்திரையை அங்கே கொடுங்கள்.