டர்போ காரை மாடிஃபை பண்ணலாமா? பண்ணலாம், ஆனா இந்த வரிசையில!

"கார் ஒரு லயபிலிட்டி. அந்தப் பணத்தை எஸ்.ஐ.பி.ல போடுங்க." பர்சனல் ஃபைனான்ஸ் வீடியோ பார்க்கிற எல்லாருக்கும் இந்த டயலாக் மனப்பாடமா தெரியும். நானும் ஒரு சி.ஏ. தான். ஆனா இந்த ஒரு வரியைச் சொல்லி ஒருத்தரோட ஆசையை முடிச்சு வைக்கிறதுல எனக்கு உடன்பாடு இல்ல. சம்பாதிக்கிறது எதுக்கு? பிடிச்ச ஒரு விஷயத்துக்குச் செலவு பண்றதும் பண நிர்வாகத்துல ஒரு பகுதிதான்.

அதனால இன்னைக்கு நாம பேசப் போறது கார் மாடிஃபிகேஷன். குறிப்பா, செகண்ட் ஹேண்ட்ல ஒரு டர்போ கார் வாங்கி, அதுக்குப் புது பெயின்ட், புது வீல், கூடுதல் பவர்னு பண்ற ஹாபி. பண்ணலாமா வேண்டாமான்னு ஒத்தை வார்த்தையில பதில் சொல்றதை விட, எதை முதல்ல பண்ணணும், எதைக் கடைசி வரைக்கும் தொடக் கூடாதுன்னு பார்ப்போம். என்னோட கணக்கு ரொம்ப சிம்பிள்: செலவாகிற ரூபாயை, அது உங்களுக்குத் தர்ற மணி நேரத்தால வகுத்துப் பாருங்க.

கார்த்திக்கோட லிஸ்ட்

ஒரு உதாரணத்துக்கு, கார்த்திக்னு ஒருத்தரை எடுத்துக்கலாம். வயசு 28, கையில வர்ற சம்பளம் மாதம் 75,000 ரூபாய். ஃபோக்ஸ்வேகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. செகண்ட்ஸ்ல வாங்கியிருக்கார். போர்ஷே வெச்சிருக்கிறவர் இதை ஸ்போர்ட்ஸ் கார்னு ஒத்துக்க மாட்டார். ஆனா 2013-ல இந்த மாடல் இங்க வந்தப்ப, 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 105 பி.எஸ். பவர், 7 ஸ்பீடு டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸ்னு நம்ம பட்ஜெட்டுக்கு இதுதான் ஸ்போர்ட்ஸ் காரா இருந்துச்சு. 2022-ல போலோ உற்பத்தியே இந்தியாவுல நின்னு போச்சு. அதுக்கப்புறம் இந்தக் காருக்கு ரசிகர்கள் இன்னும் கூடிட்டாங்க.

கார்த்திக்கோட லிஸ்ட் இது. (கணக்குக்காக நான் எடுத்துக்கிற தொகைகள். ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும்.)

- ஈ.சி.யு. ரீமேப்: 40,000
- புது எக்ஸாஸ்ட்: 30,000
- அலாய் வீல், டயர்: 80,000
- முழுக் காருக்கும் கலர் மாத்தி பெயின்ட்: 1,00,000

மொத்தம் இரண்டரை லட்சம். கையில பணம் இல்லாததால பர்சனல் லோன் எடுக்கலாம்னு நினைக்கிறார். 14% வட்டி, 3 வருஷம்னு வெச்சா இ.எம்.ஐ. சுமார் 8,544 ரூபாய். 36 மாதம் கட்டி முடிக்கும்போது வட்டி மட்டும் 57,500 ரூபாய்க்கு மேல போயிருக்கும். அதே மாதிரி மாதம் 8,500 ரூபாயை 6.5% வட்டி தர்ற ஒரு ஆர்.டி.ல போட்டா, 28 மாதத்துல இரண்டரை லட்சம் கைக்கு வந்துடும். லோன் கட்டி முடிக்கிறதுக்கு 8 மாதம் முன்னாடியே!

லோன்ல ஹாபி வேண்டாம்னு நான் சொல்றதுக்கு வட்டி ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருக்கு. ரசனை மாறும். ஆறு மாதம் கழிச்சு மேட் பிளாக் பிடிக்காமப் போகலாம். அப்பவும் இ.எம்.ஐ. மட்டும் மாறாம ஒவ்வொரு மாதமும் வந்து நிக்கும்.

மணிக்கு எவ்வளவு?

இப்ப அந்த லிஸ்ட்டை மணி நேரத்தால வகுப்போம். ரீமேப்புக்குக் காரைக் கொண்டு போய் விட்டா அரை நாள்ல முடிஞ்சுடும். லேப்டாப்பை இணைச்சு மென்பொருளை மாத்துறது டியூனர். கார்த்திக் பக்கத்துல நின்னு டீ குடிக்கிறார். எக்ஸாஸ்ட்டும் அப்படித்தான். 70,000 ரூபாய் செலவழிச்சு, காரோட அவர் செலவழிச்ச நேரம் ஒரு நாள் கூட இல்ல.

இன்னொரு பக்கம் பாருங்க. ஒரு பாலிஷிங் மெஷின், வாட்டர் பேப்பர், காம்பவுண்டு, நல்ல ஜாக்கி, ஸ்டாண்டு, ஒரு ஸ்பேனர் செட். எல்லாம் சேர்த்து 15,000 ரூபாய்க்குள்ள அடக்கலாம். மஞ்சள் பூத்த ஹெட்லைட்டைத் தேய்ச்சுத் தெளிவாக்குறது, பிரேக் காலிப்பருக்கு சூடு தாங்கிற பெயின்ட் அடிக்கிறது, பழைய பெயின்ட்ல இருக்கிற சுழல் கீறல்களை எடுக்கிறதுன்னு ஞாயிற்றுக்கிழமைக்கு 4 மணி நேரம் வீதம் 30 வாரம் வேலை பார்த்தா 120 மணி நேரம். மணிக்கு 125 ரூபாய். மால்ல போய் ஒரு படம் பார்த்து பாப்கார்ன் வாங்கினாலே மணிக்கு இதை விட அதிகமா ஆகும். அந்த 120 மணி நேரத்துல ஒரு கைத்தொழிலும் பழகியிருக்கும்.

இதுதான் நான் சொல்ல வர்ற விஷயம். வேலையை நீங்க செஞ்சா அது ஹாபி. காசு கொடுத்து வேற ஒருத்தரைச் செய்ய வெச்சா அது ஷாப்பிங். ஷாப்பிங்கும் பண்ணுங்க, ஆனா அதுக்கு ஹாபின்னு பேர் வெச்சு பட்ஜெட்ல சலுகை கொடுக்காதீங்க.

பெயின்ட்: எங்கே பணம் போகுது?

முழுக் காருக்கும் பெயின்ட் அடிக்கிறது நல்ல பட்டறையில செய்ய வேண்டிய வேலை. டிங்கரிங் பண்ணி, பட்டி பார்த்து, பிரைமர் அடிச்சு, மறுபடி தேய்ச்சு, பேஸ் கோட், அது மேல கிளியர் கோட், அப்புறம் பூத்துல சூடு பண்ணி உலர வைக்கணும். கிளியர் கோட்ல கலக்கிற ஹார்டனர்ல இருக்கிற ரசாயனம் நுரையீரலுக்கு ஆபத்து. அதனால அப்பார்ட்மென்ட் பார்க்கிங்ல துணி மாஸ்க் போட்டுட்டு ஸ்பிரே பண்ற ஐடியாவை விட்டுடுங்க.

காசைத் தீர்மானிக்கிறது ஒரே ஒரு முடிவுதான்: அதே கலரா, வேற கலரா? கலர் மாத்தினா கதவோட உள் ஓரம், பானட்டுக்கு உள்பக்கம், டிக்கிக்குள்ள எல்லாம் அடிக்கணும். இல்லன்னா கதவைத் திறந்ததும் பழைய கலர் எட்டிப் பார்க்கும். வேலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

அதோட, உங்க ஆர்.சி.ல வண்டியோட நிறம் பதிவாகியிருக்கு. கலர் மாத்தினா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல விண்ணப்பிச்சு, ஆர்.சி.ல புது நிறத்தைப் பதியணும். கார் லோன் ஓடிட்டு இருந்தா பேங்க்கோட சம்மதக் கடிதமும் கேட்பாங்க. ஒரு நிறம் மட்டும் கேட்டாலும் கிடைக்காது: ஆலிவ் கிரீன். மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 121-வது விதிப்படி அது ராணுவ வண்டிகளுக்கு மட்டும்தான்.

அதே கலர்ல அடிச்சா இந்தப் பேப்பர் வேலை எதுவும் இல்ல. கார்த்திக்கோட கார் சிவப்புன்னா, அதே சிவப்பை அதே கலர் கோடுல புதுசா அடிச்சாலே ஷோரூம்ல இருந்து இறங்கின மாதிரி இருக்கும்.

விக்கும்போது ஒரு சிக்கல் வரும். யூஸ்டு கார் மதிப்பிட வர்றவங்க பெயின்ட் தடிமனை அளக்கிற ஒரு கருவியை வெச்சுப் பார்ப்பாங்க. கம்பெனி பெயின்ட்டை விட தடிமன் அதிகமா இருந்தா முதல் கேள்வி, "ஆக்ஸிடென்ட் வண்டியா?" அதனால வேலை நடக்கும்போது ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுத்து, பில்லோட சேர்த்து ஒரு ஃபோல்டர்ல வைங்க. பட்டிக்குக் கீழ தகடு நல்லா இருந்ததுக்கு அதுதான் சாட்சி.

பவர்: பில்லுல வராத செலவு

டர்போ இன்ஜின்ல பவர் கூட்டுறது சுலபம். புகை வெளியே போற வேகத்துல ஒரு டர்பைன் சுத்தும். அது இன்னொரு பக்கம் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள்ள அனுப்பும். எவ்வளவு அழுத்தம்னு தீர்மானிக்கிறது ஈ.சி.யு. அதுல இருக்கிற மென்பொருளை மாத்தினா, ஒரு பார்ட் கூட மாத்தாம பவர் கூடிடும். ஆசை வர்றதும் அதனாலதான்.

ஆனா இன்ஜின் கூடுதலா கொடுக்கிற டார்க்கை கியர்பாக்ஸ் தாங்கணும். போலோவுல இருக்கிற டிரை கிளட்ச் டி.எஸ்.ஜி.யோட வரம்பு 250 நியூட்டன் மீட்டர். கம்பெனி கொடுத்தது 175. அந்த 75 வித்தியாசம் சும்மா விட்டு வெச்சது இல்ல, தேய்மானத்துக்கும் சூட்டுக்கும் கொடுத்த இடைவெளி. அதை ரீமேப்ல தின்னுட்டா, பத்து வயசான கியர்பாக்ஸ்ல மெக்கட்ரானிக் யூனிட்டோ கிளட்ச்சோ போகும்போது வர்ற பில் லட்சத்தைத் தாண்டும். வாரன்டி இருக்கிற புது டர்போ கார்னா, ரீமேப் தெரிஞ்சதும் இன்ஜின், கியர்பாக்ஸ் கிளைம்ல கம்பெனி கையை விரிச்சுடும்.

அடுத்து சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு முரணா வண்டியை மாத்தக் கூடாது. கேரளாவுல இருந்து போன ஒரு வழக்குல 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியிருக்கு. அதே வருஷம் வந்த திருத்தத்துல சேர்த்த பிரிவு 182ஏ படி, அனுமதி இல்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், இல்ல 6 மாதம் வரை சிறை, இல்ல இரண்டுமே. கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழட்டிப் போடற எக்ஸாஸ்ட்னா, புகை விதியையும் சேர்த்து மீறுறோம்.

5,000 ரூபாய்தானேன்னு நினைக்கலாம். என் கவலை இன்ஷூரன்ஸ்ல இருக்கு. உங்க பாலிசியில இருக்கிற ஐ.டி.வி.ல நீங்க போட்ட இரண்டரை லட்சம் கிடையாது. அலாய் வீல் மாதிரி கூடுதல் சாமான்களைச் சொல்லி, பிரீமியம் கட்டி, பாலிசியில சேர்த்தாத்தான் கிடைக்கும். இன்ஜின்ல பண்ணின மாற்றத்தைச் சொல்லாம விட்டா, நாளைக்கு ஓன் டேமேஜ் கிளைமையே நிராகரிக்க அது ஒரு காரணம் ஆகலாம்.

இதை விடப் பெருசு தேர்டு பார்ட்டி. சாலை விபத்துல ஒரு உயிர் போனா, இழப்பீட்டுக்கு உச்சவரம்பு கிடையாது. இறந்தவரோட வயசு, வருமானம், நம்பி இருந்த குடும்பம் இதையெல்லாம் பார்த்துத் தீர்ப்பாயம் தொகையை முடிவு பண்ணும். முக்கியமான தகவலை மறைச்சு பாலிசி எடுத்தார்னு கம்பெனி வாதாடி ஜெயிச்சா, அந்தத் தொகை உங்க சம்பளத்துக்கும் சொத்துக்கும் திரும்பும். 40,000 ரூபாய் ரீமேப்புக்காக இந்த ரிஸ்க்கை வாங்க வேண்டாம்ங்கிறதுதான் என் கருத்து. வேகம்தான் ஆசைன்னா, கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு, சென்னைக்குப் பக்கத்துல இருங்காட்டுக்கோட்டை டிராக் இருக்கு. டிராக் டே நடக்கும்போது, இப்ப இருக்கிற 105 பி.எஸ். காரோடவே போங்க. அந்தக் காரை அதோட எல்லை வரைக்கும் ஓட்டக் கத்துக்கவே பல நாள் ஆகும்.

வருமான வரியில என்ன?

சொந்த உபயோகத்துக்கு வெச்சிருக்கிற கார் 'பர்சனல் எஃபெக்ட்ஸ்'ல வரும், கேபிடல் அசெட் கிடையாது. லாபத்துக்கு வித்தா வரி இல்ல. நஷ்டத்துக்கு வித்தா அதை வேற எந்த வருமானத்துலயும் கழிக்க முடியாது. மாடிஃபிகேஷன் செலவுக்கோ அந்த லோன் வட்டிக்கோ சம்பளக்காரங்களுக்கு எந்தக் கழிவும் இல்ல. அதனால "போலோ இனி வராது, விலை ஏறும், இது ஒரு இன்வெஸ்ட்மென்ட்"னு வீட்ல சொல்லாதீங்க. செலவுன்னே சொல்லுங்க, கௌரவமான செலவுதான். ஆபீஸ் மூலமா கார் லீஸ் எடுத்திருந்தா இன்னொரு விஷயம்: அந்தக் கார் உங்க பேர்ல இல்ல. ஒப்பந்தத்தைப் படிக்காம ஒரு ஸ்டிக்கர் கூட ஒட்டாதீங்க.

சரி, கார்த்திக் என்ன பண்ணலாம்?

ஆறு மாதச் செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்டு, டேர்ம், ஹெல்த் இன்ஷூரன்ஸ் இருக்கான்னு முதல்ல பார்க்கணும். இருந்தா, சம்பளத்துல 5%, அதாவது மாதம் 3,750 ரூபாய், இந்த ஹாபிக்குன்னு தனி அக்கவுண்ட்ல போகட்டும். வருஷத்துக்கு 45,000.

1. முதல் வருஷத்துல 15,000 ரூபாய்க்கு டூல்ஸ், மெட்டீரியல். ஞாயிற்றுக்கிழமை வேலை ஆரம்பம்.
2. மீதி 30,000 அப்படியே சேரட்டும். இரண்டரை வருஷத்துல கிட்டத்தட்ட ஒரு லட்சம் சேர்ந்துடும். அப்ப நல்ல பூத் இருக்கிற பட்டறையில அதே கலர்ல முழு பெயின்ட். அதுக்குள்ள பெயின்ட்டைப் பத்தி அவருக்கே நிறைய தெரிஞ்சிருக்கும், யாரும் ஏமாத்த முடியாது.
3. டயர் தேய்ஞ்சா மாத்துறது பராமரிப்புச் செலவு, இந்த அக்கவுண்ட்ல வராது. அலாய் வேணும்னா கம்பெனி அந்த மாடலுக்குக் கொடுத்த சைஸ்லயே எடுத்து, இன்ஷூரன்ஸ்ல சேர்த்துடணும்.
4. கழட்டின ஒரிஜினல் பார்ட் எதையும் விக்கக் கூடாது. கார் விக்கும்போது அதை மாட்டிட்டு, வெளியில வாங்கினதைத் தனியா விக்கலாம்.
5. ரீமேப்பும் எக்ஸாஸ்ட்டும் லிஸ்ட்லயே வேண்டாம்.

லோன் இல்ல, ஆர்.டி.ஓ. பயம் இல்ல, கிளைம் பயம் இல்ல. இரண்டரை லட்சம் லிஸ்ட்ல கிடைக்காத 120 மணி நேரமும் இதுல இருக்கு. உங்க லிஸ்ட்டையும் இந்த மாதிரி எழுதி, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல எத்தனை மணி நேரம்னு போட்டுப் பாருங்க. எதை முதல்ல செய்யணும்னு அந்தப் பேப்பர்லயே தெரிஞ்சுடும்.