இந்தத் தடவை சபித்தது யார்?

போன ஞாயிற்றுக்கிழமை மகளோடு திருமழிசைக்குப் போயிருந்தேன். பூந்தமல்லிக்கு மேற்கே, பக்கத்து ஊர்தான். திருமழிசையாழ்வார் அவதரித்த தலம். ஜெகந்நாதப் பெருமாளைச் சேவித்துவிட்டு, பிராகாரத்தில் உட்கார்ந்து அவளுக்கு ஆழ்வார் கதையைச் சொன்னேன். சமணம், பௌத்தம், சைவம் என்று ஒவ்வொன்றிலும் புகுந்து பார்த்தவர் அவர். எதிலும் மனம் நிலைகொள்ளவில்லை. ஒருநாள் வழியில் ஒரு கிழவர் செடியைத் தலைகீழாக நட்டு, ஓட்டைக் குடத்தால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இவருக்குப் பொறுக்கவில்லை, ஏன் இப்படி என்று கேட்டுவிட்டார். கிழவர் பேயாழ்வார். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர். வாதம் அங்கே தொடங்கியது; திருமழிசையார் வைணவரானார்.

பூந்தமல்லியில் ஆவடி பஸ்ஸுக்கு நின்றபோது மகள் கேட்டாள்: "அப்பா, புதுமைப்பித்தன் கதையில அகலிகை திரும்பவும் கல்லாயிடறாளே, இந்தத் தடவை அவளைச் சபிச்சது யாரு?"

யாரும் சபிக்கவில்லை. 1943இல் எழுதிய 'சாப விமோசன'த்தில் எனக்கு நடுக்கம் தருவது இதுதான். ராமாயணம் அறிந்தவர்களுக்கு இந்தக் கதை பிடிக்காமல் போகலாம், அதைப் பற்றித் தமக்குக் கவலையில்லை என்று புதுமைப்பித்தன் கதையின் தொடக்கத்திலேயே ஒரு குறிப்பு வைத்தார். இந்திரனால் வந்த பழிக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது. அன்று சபித்த கணவன் கோதமன் பக்கத்தில் இருக்கிறான். அப்படியிருந்தும், ராமன் சொல்லித் தான் தீக்குளித்ததைச் சீதை வந்து சொன்னதும் அகலிகைக்குள் ஏதோ முறிகிறது. தனக்கு உயிர் தந்தவனா இதைக் கேட்டான்? உலகத்துக்கு நிரூபிக்க வேண்டாமா என்று சீதை மெல்லச் சிரிக்கிறாள். அகலிகைக்குக் கிடைத்த பதில் அவ்வளவுதான். பிறகு, ஆறுதலாக அணைக்க வரும் கோதமனே அவள் கண்ணுக்கு இந்திரனாகத் தெரிகிறான்.

சபலத்தால் வந்த கல்லை ராமனின் பாதத்தூளி கரைத்தது. நம்பிக்கை செத்ததால் வந்த கல்லை யார் கரைப்பது? திருமழிசையார் மூன்று சமயங்களை விட்டு வந்தும் இறுகிப் போகவில்லை. அவர் கேட்டபோது நின்று வாதாட ஒருவர் இருந்தார். அகலிகைக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

பஸ் வந்தது. ஆவடி வரும்வரை இருவரும் இதையே பேசினோம். உங்கள் வீட்டுப் பெண் இப்படி ஏதாவது கேட்டால், சாமி விஷயம், பேசாதே என்று வாயை அடைத்துவிடாதீர்கள். உட்கார்ந்து பதில் சொல்லுங்கள்.