அளவுகோலை வெறுப்பவர்களுக்கு

"கல்வியை அளக்க முடியாது. அளக்கத் தொடங்கும் கணத்திலேயே அது சந்தைச் சரக்காகிவிடுகிறது." அண்மையில் ஓர் இலக்கியக் கூட்டத்தில் நண்பர் ஒருவர் இப்படிச் சொன்னபோது அரங்கம் கைதட்டியது. நான் கைதட்டவில்லை. அன்று காலைதான் என் வகுப்பில் முதலாண்டு மாணவன் ஒருவனைப் பாடத்தின் முதல் பத்தியை வாசிக்கச் சொல்லியிருந்தேன். எழுத்துக்கூட்டியபடியே சென்று மூன்றாம் வரியில் நின்றுவிட்டான். கூலிவேலை செய்பவர்களின் மகன். பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளிக்குச் சென்றவன். ஆண்டுதோறும் அவன் தேறிவிட்டதாக யாரோ எழுதியிருக்கிறார்கள். அவனுக்கு வாசிக்க வருகிறதா என்று மட்டும் எவரும் பார்க்கவில்லை.

புள்ளிவிவரத்தின் மீது நமக்குள்ள ஐயம் எனக்குப் புதிதன்று. நானும் தமிழ் இலக்கியம் படித்தவன்தான். ஆனால் ஒரு முரணைக் கவனியுங்கள். விமர்சனம் இல்லாத இலக்கியச் சூழல் தேங்கிவிடும் என்று ஓயாமல் சண்டையிடுபவர்கள் நாம். ஒரு கவிதைத் தொகுப்பை வரிவரியாகப் பிரித்து மதிப்பிடுகிறோம். ஏழைப் பிள்ளைகளுக்கான மாலை வகுப்பு, ஊர் வாசிப்பு முகாம் என்று வந்தால் மட்டும் நல்லெண்ணமே போதும் என்கிறோம். சுமாரான கவிதையால் எவருக்கும் ஓர் ஆண்டு பாழாவதில்லை. சுமாரான கல்வித் திட்டத்தால் பாழாகிறது.

நல்லெண்ணம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. உத்தரப் பிரதேசத்தின் ஜவுன்பூர் மாவட்டத்தில் 2005-06இல் 280 கிராமங்களை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. பிரதம் தொண்டு நிறுவனம் களப்பணி செய்தது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் ஆய்வு செய்தனர். சில கிராமங்களில் கல்விக் குழுவின் அதிகாரங்களை மக்களுக்கு எடுத்துச் சொன்னார்கள். சிலவற்றில் பிள்ளைகளின் வாசிப்புத் திறனை ஊராரே சோதித்துப் பார்க்கவும் கற்றுக்கொடுத்தார்கள். வேறு சிலவற்றில், இவற்றோடு, உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சியளித்து வாசிப்பு முகாம்களையும் தொடங்கினார்கள்.

முதலிரண்டும் கேட்பதற்கு எவ்வளவு அழகாக இருக்கின்றன! மக்கள் பங்கேற்பு, விழிப்புணர்வு என்று மேடைதோறும் நாம் உச்சரிக்கும் சொற்கள் அவை. இரண்டாலும் பிள்ளைகளின் கற்றல் உயரவில்லை. முகாமுக்கு வந்த பிள்ளைகளோ தெளிவாக முன்னேறினார்கள். ஆனால் வந்தவர்கள் சுமார் 8 விழுக்காட்டினரே. அளக்காமல் விட்டிருந்தால் மூன்றுமே 'மாபெரும் வெற்றி' என்றுதான் ஆண்டறிக்கையில் ஏறியிருக்கும். அளந்ததால் அடுத்த கேள்வி பிறந்தது: முகாமுக்கு வராத பிள்ளையை எப்படி அடைவது? பின்னாளில் அதே முறை பள்ளிக்குள்ளேயே, பள்ளி நேரத்திலேயே நடத்தப்பட்டது. 'இல்லை' என்ற ஒரு விடையிலிருந்து ஒரு திட்டம் திருந்திய கதை இது. வெற்றி அறிக்கைகள் மட்டுமே எழுதத் தெரிந்தவர்களுக்கு இந்தத் திருத்தம் ஒருபோதும் வாய்க்காது.

நம் ஊருக்கு வருவோம். பெருந்தொற்றில் பள்ளிகள் மூடிக் கிடந்தபின், 2021 அக்டோபரில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை பெற்ற தன்னார்வலர்கள் மாலைதோறும் தம் தெருப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். ஆளுங்கட்சி மேடை இதைப் புரட்சி என்றது. எதிர்மேடை விளம்பரம் என்றது. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ ஆகியோரின் ஆய்வு சொன்னது இரண்டையும் அல்ல. பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் 24 விழுக்காடு இந்தத் திட்டத்தால் வந்தது. புரட்சியும் அல்ல, வெறும் விளம்பரமும் அல்ல. இந்த விடை கிடைத்ததற்குக் காரணம், பெருந்தொற்றுக்கு முன்பே, 2019இல், கிராமப்புறப் பிள்ளைகளை அவர்கள் வீடுகளிலேயே சந்தித்துச் சோதித்து வைத்திருந்ததுதான். முன்பு எங்கே நின்றோம் என்று தெரியாதவனுக்கு எவ்வளவு நடந்தோம் என்பதும் தெரியாது.

அளவுகோலுக்குத் தப்புபவை உண்டு என்பீர்கள். உண்மைதான். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தை எழுத்தறிந்தோர் எண்ணிக்கையால் மட்டும் மதிப்பிட்டவர்கள், அந்தப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றதில் பெற்ற விடுதலையைத் தவறவிட்டிருப்பார்கள். ஆனால் அது நமக்கு எப்படித் தெரியவந்தது? பி. சாய்நாத் போன்றவர்கள் அங்கே போய்ப் பார்த்து, பேசி, எழுதியதால். அதுவும் ஆய்வே. எண் காணாததைக் காணும் கண் நமக்கு இருக்கிறது என்றால் அந்தக் கண்ணோடு களத்துக்குப் போக வேண்டும். அரங்கில் அமர்ந்து எண்ணைத் திட்டுவதில் பயனில்லை.

அளப்பவர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுடன் ஒரு கிராமத்துக்குப் போனேன். ஓர் அமைப்புக்காகப் படிவம் நிரப்பும் வேலை. ஒரு மூதாட்டி திண்ணையை விட்டு எழாமலே கேட்டார்: "போன தடவ வந்தவங்களும் இப்பிடித்தான் எழுதிக்கிட்டுப் போனாங்க. எம் பேத்திக்குப் படிக்க வருதா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் வந்து சொல்லலியே, சார்?" என்னிடம் விடை இல்லை. நாங்கள் நிரப்பிக் கொடுத்த படிவங்களும் என்னவாயின என்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஊருக்கு எதுவும் திரும்பிப் போகவில்லை. அளக்கப்பட்டவரிடம் திரும்பி வராத மதிப்பீடு ஒருவகைக் களவு.

ஆகவே என் சண்டை இரு தரப்போடும்தான். திட்டம் நடத்துபவர்களே, தொடங்குமுன் அளந்துகொள்ளுங்கள். தோற்றதைத் தோற்றது என்று எழுதுங்கள். முடிவை அந்தத் திண்ணைக்குக் கொண்டுபோய்ப் புரியும் தமிழில் சொல்லுங்கள். இலக்கிய நண்பர்களே, 'கல்வியை அளக்க முடியாது' என்ற உங்கள் வாசகத்தால் அதிகம் பயனடைபவர் யார் என்று ஒருமுறை யோசியுங்கள். அந்த மூதாட்டியின் பேத்தி அல்ல. மூன்றாம் வரியில் நின்றுபோன என் மாணவனும் அல்ல. அவன் தேறிவிட்டான் என்று பன்னிரண்டு முறை கையெழுத்திட்டவர்கள்தாம்.