சுருங்கும் வெள்ளை அடைப்பு

எமது பெற்றோர் காலத்தில் பல்லில் சூத்தை விழுந்தால் ஒன்றில் பிடுங்குவது, அல்லது கறுப்பாக அடைப்பது என்றுதான் இருந்தது. இன்று பார்க்கிங்கில் பிள்ளைகளைப் பல் வைத்தியரிடம் கூட்டிச் செல்லும் எம்மவர்கள் வெள்ளை அடைப்பையே விரும்பிக் கேட்கிறார்கள். பார்வைக்கு அது அழகுதான். ஆனால் அதன் குணம் ஒன்றை நாம் அறிந்திருப்பது நல்லது. வெள்ளை அடைப்பு இறுகும்போது சுருங்கும்.

கறுப்பு அடைப்பான அமல்கம், வெள்ளி முதலிய உலோகத் தூளைப் பாதரசத்துடன் கலந்து செய்யப்படுவது. பிரித்தானியாவில் 2018 யூலை முதல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும், தவிர்க்கமுடியாத தேவை இருந்தாலன்றி இதனை வைப்பதில்லை. பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2025 நவம்பரில் ஜெனீவாவில் கூடி, 2034ஆம் ஆண்டளவில் அமல்கத்தைக் கைவிட முடிவு செய்தன. ஆகவே எமது பிள்ளைகளின் வாயில் வரப்போவது பெரும்பாலும் வெள்ளை அடைப்புத்தான்.

இது பிசினும் மிக நுண்ணிய கண்ணாடித் தூளும் சேர்ந்த களி. அமெரிக்க ஆராய்ச்சியாளர் ராபேல் போவன் 1962இல் காப்புரிமை பெற்ற பிசினே இன்றும் பல வகைகளுக்கு அடிப்படை. நீல ஒளி பட்டதும் பிசினின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிச் சங்கிலியாகின்றன. சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை மண்டபத்தில் சிதறி நிற்கும் பிள்ளைகள் நெருங்கி வந்து கை கோத்தால், அவர்களுக்குக் குறைந்த இடமே போதும். இங்கும் அதுவே நடக்கிறது. பொதுவாக நூற்றுக்கு 2 முதல் 3 வரை களியின் கனவளவு குறைகிறது.

சிறிய அளவுதானே என்று எண்ணலாம். ஆனால் களி குழியின் சுவர்களோடு ஒட்டப்பட்டிருக்கிறது. கடைவாய்ப் பல்லின் குழியை ஒரு பெட்டியாக எண்ணிப் பாருங்கள். அடியும் நான்கு சுவர்களுமாக 5 பக்கம் ஒட்டியிருக்க, மேற்பக்கம் ஒன்றே இளகிக் கொடுக்கும். சுருங்கும் களி சுவர்களை உள்ளே இழுக்கிறது. ஒட்டுப் பலமாக இருந்தால் பல்லின் முனைகள் சற்று வளைந்து, கடிக்கும்போது நோகலாம். ஒட்டு விட்டுப்போனால் ஓரத்தில் மயிரிழை போன்ற இடைவெளி விழும். தேநீர் குடித்தால் கூசும். கிருமிகள் உள்ளே போய், அடைப்பின் கீழேயே திரும்பவும் சூத்தை விழக்கூடும்.

இதனால்தான் வைத்தியர் சுமார் 2 மில்லிமீற்றர் தடிப்பில் படை படையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒளி காட்டுகிறார். 4 மில்லிமீற்றர் வரை ஒரே முறையில் வைக்கக்கூடிய வகைகளும் உண்டு. எச்சில் பட்டால் ஒட்டாது என்பதால் பல்லை உலர்வாக வைத்திருக்கவும் வேண்டும். எனவே கறுப்பு அடைப்பிலும் பார்க்க நேரம் பிடிக்கும். வேலைக்கு ஓடவேண்டிய நாளில் இதை வைத்துக்கொள்ளாமல், வைத்தியரை அவசரப்படுத்தாமல் இருங்கள்.

அடைத்தபின் சில நாட்கள் கூசுவது வழமை. கூச்சம் குறையாவிட்டாலோ, கடிக்கும்போது அடைப்பு உயர்ந்து தட்டினாலோ, அதே வைத்தியரிடம் திரும்பப் போகவேண்டும். "இங்கிலீஸில் சொல்லத் தெரியாது" என்று நோவைப் பொறுத்துக்கொண்டிருப்பவர்கள் எம்மிடையே உண்டு. முன்கூட்டியே சொன்னால் என்.எச்.எஸ். மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றி ஒழுங்கு செய்யும். இங்கிலாந்தில் என்.எச்.எஸ். மூலம் அடைத்த பல் 12 மாதத்துக்குள் பழுதானால், பொதுவாகத் திரும்பப் பணம் கட்டாமலே திருத்திக்கொள்ளலாம். 18 வயதுக்குட்பட்டோருக்கு என்.எச்.எஸ். பல் வைத்தியம் இலவசம். வருமானம் குறைந்தவர்கள் எச்.சி.1 படிவத்தை நிரப்பி உதவி கோரலாம்.

எந்த அடைப்பும் சொந்தப் பல்லுக்கு ஈடாகாது. புளோரைட் உள்ள பற்பசையால் நாளுக்கு இருமுறை பல் தீட்டுவதையும், இரவு தீட்டியபின் இனிப்புக் கொடாமல் இருப்பதையும் எமது வீடுகளில் பழக்கமாக்கிக் கொள்வோம்.