பந்தியில் பிறந்த சித்தாந்தம்

வீரபாண்டியில் ஒரு டீக்கடை பெஞ்சில் சென்ற மாதம் ஒரு தர்க்கம் கேட்டேன். பனியன் கம்பெனியில் பீஸ் கணக்கில் தைக்கிறவர் ஒருவர், கிறிஸ்தவரான தம் சிநேகிதரை மடக்கினார்: "ஏனுங்க, எத்தனை பீஸ் தெச்சனோ அத்தனைக்குத்தான் சனிக்கிழமை கூலி. ஒண்ணுமே தெக்காதவனுக்கும் முழுக்கூலின்னா அது எந்த ஊரு நாயமுங்க?"

சிநேகிதர் பைபிளைப் புரட்டினார். மனிதன் கிரியைகளினால் அல்ல, விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறான் என்றார். தையல்காரர் சிரித்தார்.

சிரிக்க வேண்டிய விஷயமில்லை. தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியா, தாய் கவ்விச் செல்லும் பூனைக் குட்டியா என்று நம் வைஷ்ணவர்களும் இதையே வாதாடி, வடகலை தென்கலை என்று பிரிந்து நின்றார்கள். என் சண்டை சித்தாந்தத்தோடு அல்ல. அதைப் பரலோகத்து வரவு செலவுக் கணக்காக மட்டும் வைத்துக்கொண்டவர்களோடு.

கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தைப் பாருங்கள். அந்தியோகியாவில் யூதரல்லாதாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டு வந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து எழுந்து போய்விடுகிறார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் கண்டிக்கிறார். அந்தக் கண்டனத்தின் தொடர்ச்சியாகத்தான் விசுவாசத்தினால் நீதிமானாவதைப் பற்றிய அந்தப் புகழ்பெற்ற வாக்கியமே வருகிறது! யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதே அங்கே கேள்வி. தமிழனுக்கு இதைவிடத் தெரிந்த கேள்வி ஏது?

1706ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு லுத்தரன் சபைக்காரர். இந்தச் சித்தாந்தம்தான் அந்தச் சபைக்கு உயிர். ஆனாலும் நூறு வருஷம் கழித்து, தமிழ்ச் சபைகளில் சாதிக்கொரு இடம் இருந்தது. 1833ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சாதியை அடியோடு விடவேண்டும் என்று எழுதினார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் பலர் ஆலயத்தை விட்டே வெளியேறினார்கள். வேதநாயக சாஸ்திரியார் எத்தனை பெரிய கவி! அவரும் சாதியின் பக்கம்தான் பேனா பிடித்தார். கத்தோலிக்கர்கள் சந்தோஷப்பட வேண்டாம். வடக்கன்குளம் கோயிலுக்குள்ளே சாதிக்காக எழுந்த சுவர் 1910ல்தான் இடிந்தது.

1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில், கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லுத்தரன் சம்மேளனமும் இந்தச் சித்தாந்தத்தின் ஆதாரமான உண்மைகளில் உடன்பாடு கண்டு கையெழுத்திட்டன. நாலரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வழக்கு! நல்லது. ரோமும் விட்டன்பர்க்கும் ராசியானால் போதுமா? மேலத்தெருவும் கீழத்தெருவும் எங்கே கையெழுத்துப் போடுவது?

டீக்கடைச் சிநேகிதரிடம் நான் ஒன்றே ஒன்று கேட்டேன். பெண்ணுக்கு வரன் பார்ப்பதாகச் சற்றுமுன் சொல்லியிருந்தார்.

"மாப்பிள்ளை விசுவாசியாக இருந்தால் போதுமா?"

"விசுவாசியாத்தான் இருக்கோணுங்க," என்றார். கொஞ்சம் தயங்கி, "நம்ம ஆளுகளாவும் இருந்துட்டாப் பரவால்லீங்க," என்றார்.

தையல்காரர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. மூன்று டீக்கும் காசைக் கொடுத்துவிட்டு ஷிப்டுக்குப் போனார்.